பூட்டப்பட்டுள்ளது

ஆறு வருடம் நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் பேக்கப்பில் இருந்து ஒரு மெயிலைத் திருப்பிக் கேட்டுவிட்டார். கேட்டவர் அலுவலக ஜீப் டிரைவர். கேட்ட இடம் இரண்டாம் மாடி, மெயில் சர்வர் அறையின் ஜன்னல். கேட்ட நாள் பத்தொன்பதாம் தேதி, காலை பத்தே முக்கால். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், அந்த அறைக்குப் பொறுப்பாளரான தபால் சார். அவர் எதையும் நேரம் குறித்து எழுதி வைப்பவர்.

தபால் சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடம் தபால் பிரிவில் இருந்தவர். வரும் கடிதத்துக்கு முத்திரை, எண், பதிவேடு. போகும் கடிதத்துக்கு எண், பசை, பதிவேடு. காகிதம் ஒழிந்து மெயில் வந்தபோது நிர்வாகம் யோசித்தது: காகிதத்தில் வந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டவர் கம்பியில் வரும் கடிதத்தையும் பார்த்துக்கொள்ள மாட்டாரா? பசைப் புட்டியையும் எடைத் தராசையும் எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்தில் ஆளுயர சர்வர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாற்பது நிமிடம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் முப்பது நிமிடம் ஏசியின் ரிமோட்டைப் பற்றியது.

மீதிப் பத்து நிமிடத்தில் அவர் கற்றுக்கொண்டது இது. மாலை நான்கு மணிக்கு, மெயில்களின் நகல் பதியும் பேக்கப் டேப்பை இயந்திரத்தின் வாயில் செருக வேண்டும். பொத்தானை அமுக்க வேண்டும். திரையில் 'வேலை முடிந்தது' என்று வந்ததும் டேப்பை எடுத்துவிட வேண்டும். நடுவில் இயந்திரம் என்ன செய்கிறது என்று அவர் கேட்கவில்லை. சொன்னவரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அதனால் முதல் நாலு மாதம் தபால் சாருக்கு மனசு ஒப்பாமல், வந்த மெயில் ஒவ்வொன்றையும் காகிதத்தில் அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் கோத்து வைத்தார். காகிதம் வீணடித்ததற்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதோடு அதை விட்டுவிட்டார்.

டேப் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அலுவலகம் அதற்குக் கொடுத்த மரியாதையை எந்த மேலதிகாரிக்கும் கொடுத்ததில்லை. முதல் மாடியில் மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். மூன்று சாவியும் மூன்று அதிகாரிகளிடம். மூவரில் ஒருவர் வராத நாளில் பதிவேட்டில் 'சாவி விடுப்பில்' என்று எழுதப்படும். டேப் வெளியே வந்தால் காவலாளி முன்னால் நடப்பார், நடுவில் தட்டில் டேப்போடு தபால் சார், பின்னால் இரண்டு சாட்சிகள். தாழ்வாரத்தில் நிற்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். டேப்பின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சிறு தள்ளுகட்டை உண்டு. இப்படித் தள்ளினால் பூட்டு, அப்படித் தள்ளினால் திறப்பு. பாதுகாப்புச் சுற்றறிக்கை ஆறாவது பத்தி அதைப் பற்றித்தான் சொன்னது: 'டேப்பின் பூட்டு எந்நேரமும், எவ்விடத்திலும், எக்காரணம் கொண்டும் பூட்டிய நிலையிலேயே இருத்தல் வேண்டும்.' தபால் சார் தினமும் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதுவார்: பூட்டப்பட்டுள்ளது.

அப்படி இருக்கும்போதுதான் இந்த டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"தபால் சார், படிவம் பதினேழு இங்கதானே குடுக்கணும்?"

படிவம் பதினேழை விதித் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் பார்த்திருக்கிறார் தபால் சார். அதை ஒருவர் நிரப்பிக்கொண்டு வருவார் என்று அவர் நினைத்ததே இல்லை. எந்த மெயில் என்று கேட்டார்.

"என்னை நிரந்தரம் பண்ணி வந்த ஆர்டர் சார். அந்த டிஸ்க் இட சேமிப்பு வாரத்துல அழிச்சிட்டேன். நீங்கதானே மைக்குல சொன்னீங்க, பயப்படாம அழிங்க, எல்லாம் டேப்ல இருக்குன்னு."

சொன்னது உண்மை. இயக்குநர் எழுதிக் கொடுத்ததைத் தபால் சார் படித்தார். சர்வரின் டிஸ்க் தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பிவிட்டது என்று அந்த வாரம் கொண்டாடப்பட்டது. தாழ்வாரத்தில் சிவப்புக் கோட்டுடன் பெரிய பலகை வைத்து, தினமும் சதவீதத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். ஊழியர்கள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். தினமும் காலையில் இயக்குநர், இடத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று அறுநூற்று நாற்பது பேருக்கும் ஒரு மெயில் அனுப்பினார். ஒவ்வொன்றிலும் முந்நூறு கடிதத்தின் இடத்தைப் பிடிக்கும் அவருடைய புகைப்படம் ஒன்று, பலகையைப் பார்த்துக் கவலைப்படுகிற மாதிரி. வாரம் முடிந்தபோது டிஸ்க் தொண்ணூற்று நாலு சதவீதம் நிரம்பியிருந்தது. தன் மெயில் பெட்டியைத் துடைத்து வைத்த மாதிரி காலி செய்த டிரைவருக்கு மேடையில் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

இப்போது புதிய உத்தரவு வந்திருக்கிறது. நிரந்தர ஆணையை முப்பதாம் தேதிக்குள் காட்டாத டிரைவர்கள் தற்காலிகம் என்று கருதப்பட்டு, ஒன்றாம் தேதியில் இருந்து வர வேண்டாம். ஆணையை அனுப்பிய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெட்டியும் அன்றைக்கே அழிக்கப்பட்டது. பணியாளர் பிரிவில் கேட்டால், எங்களிடம் காகிதம் கிடையாது, நாங்கள் முற்றிலும் நவீனமாகிவிட்டோம் என்றார்கள். டிரைவர் பாராட்டுச் சான்றிதழைக் காட்டிப் பார்த்திருக்கிறார். பெட்டி காலி என்பதற்குத்தான் அது ஆதாரம், பெட்டியில் என்ன இருந்தது என்பதற்கு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"வீட்ல இன்னும் சொல்லலை சார்," என்றார் டிரைவர். "ரெண்டு பொண்ணும் படிக்குது. டேப்ல இருக்குன்னு ஒரு தைரியத்துல இருக்கேன்."

தபால் சார் படிவத்துக்கு வரவு எண் போட்டார். எண் ஒன்று.

திருப்பி எடுக்க அவருக்குத் தெரியாது. அதனால் மறுநாள், வருடத்துக்கு ஒருமுறை இயந்திரத்தைத் துடைக்க வரும் பெண் மெக்கானிக்கை முன்கூட்டியே வரவழைத்தார். அந்தப் பெண் ஒரு டேப்பைச் செருகினாள். திரையைப் பார்த்தாள். எடுத்தாள். வேறொன்றைச் செருகினாள். ஏழாவது டேப்போடு நிறுத்திவிட்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது பூட்டியிருக்கே சார்."

"ஆமா. எல்லாமே பூட்டித்தான் இருக்கும். சுற்றறிக்கை இருக்கு," என்றார் தபால் சார், சற்றுப் பெருமையாகவே.

"மெஷின்ல போடும்போதுமா?"

"எந்நேரமும்."

அவள் டேப்பை மெதுவாக மேஜையில் வைத்தாள். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவள் போல ஒரு நிமிடம் துணியை மடித்தாள். பிறகு சொன்னாள். "பழைய பாட்டு கேசட்ல மூலையில ஒரு பல்லு இருக்கும் பாத்திருக்கீங்களா? அதை உடைச்சிட்டா மேல எதையும் பதிய முடியாது. அதே மாதிரிதான் சார் இது. பூட்டியிருந்தா மெஷின் இதுல ஒரு எழுத்துகூட எழுதாது."

"ஆனா வேலை முடிஞ்சதுன்னு வருமே?"

"முடிஞ்சதுன்னுதான் வரும். எழுத முயற்சி பண்ணுச்சு, முடியலை, வேலை முடிஞ்சது. அதுக்குக் கீழ இருக்கிற வரியில விவரம் வரும்."

அந்தக் கீழ் வரியை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைத் தபால் சார் வாழ்க்கையில் படித்ததில்லை. ஆறு வருடம் நாலு மாதம், காவலாளி முன்னால் நடக்க, மூன்று பூட்டுக்குள் வைத்துக் காத்த நூற்று எண்பது டேப்பிலும் ஒன்றுமே இல்லை.

"உன் ரிப்போர்ட்ல இதை எழுதுவியாம்மா?" என்று கேட்டார்.

"என் ரிப்போர்ட்ல தூசி துடைக்கப்பட்டதா, ஆம் இல்லை, அது மட்டும்தான் சார் இருக்கு." அவள் 'ஆம்' என்பதைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது வாசலில் நின்று, தண்ணீர் குடிங்க சார் என்றாள்.

அன்று வீட்டில் தபால் சார் சாப்பிடவில்லை. விசாரணை, தற்காலிக நீக்கம், நாளிதழில் மூன்றாம் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படிக்கிற முகம் என்று வரிசையாக யோசித்தார். எதையும் வரிசையாகச் செய்கிற ஆள் பயப்படுவதையும் வரிசையாகத்தான் செய்வார். அதெல்லாம் முடிந்த இடத்தில் டிரைவரின் முகம் வந்து நின்றது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பதிவேடுகளைக் கட்டிச் சுமந்துகொண்டு இயக்குநரின் அறைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

இயக்குநர் அமைதியாகக் கேட்டார். முதலில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. தவறு செய்த ஆள் தானே நடந்து வந்து எதிரில் நிற்கும்போது மேலதிகாரிக்கு வருகிற தெளிவு அது. "இதைப் பத்தி நீங்க எழுத்து மூலமா எப்பவாவது தெரிவிச்சீங்களா?" என்று கேட்டார்.

"தினமும் சார்," என்றார் தபால் சார். பதிவேட்டைத் திறந்து காட்டினார். பூட்டப்பட்டுள்ளது. பூட்டப்பட்டுள்ளது. பூட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அதன் கீழே பச்சை மையில், 'பார்த்தேன், திருப்தி'. அந்தக் கையெழுத்து இயக்குநருடையது. முந்நூற்று இருபத்தெட்டு இடத்தில் இருந்தது. தபால் சார் மெய்யாகவே உதவி செய்யும் எண்ணத்தில், சுற்றறிக்கையையும் எடுத்து வைத்தார். அதை எழுதியதும் இயக்குநர்தான், அப்போது துணை இயக்குநர்.

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தபால் சாரை உட்காரச் சொன்னார். ஆறு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"இங்க பாருங்க," என்றார் இயக்குநர். குரல் தாழ்ந்திருந்தது. "பேக்கப்ங்கிறது திருப்பி எடுக்கறதுக்கு இல்ல. இருக்குங்கிற நிம்மதிக்கு. அந்த நிம்மதி ஆறு வருஷமா அறுநூத்தி நாப்பது பேருக்கு இருந்துதா இல்லையா? அப்ப பேக்கப் வேலை செஞ்சிருக்கு. திருப்பிக் கேட்டவன்தான் முறையை மீறினவன்."

இனிமேலாவது டேப்பைத் திறந்து வைத்துப் பதியலாமா என்று தபால் சார் மென்று விழுங்கிக் கேட்டார். இன்றைக்குத் திறந்தால் நேற்று வரை பூட்டியிருந்தது தெரிந்துவிடும் என்றார் இயக்குநர். படிவத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு, குறை கண்டுபிடித்துத் திருப்பச் சொன்னார்.

தபால் சார் குறை கண்டுபிடித்தார். கடிதம் எந்த டேப்பில் இருக்கிறது என்ற எண்ணை விண்ணப்பதாரர் குறிப்பிடவில்லை. டிரைவர் அரை நாள் கழித்து வந்து, 'ஏதோ ஒரு டேப்' என்று எழுதி, அதற்கு மேற்பார்வையாளரிடம் சான்றொப்பமும் வாங்கி நீட்டினார். அழித்ததற்கான காரணத்தைக் கேட்டுத் திருப்பினார்கள். டிரைவர் பாராட்டுச் சான்றிதழின் நகலை இணைத்தார். அப்படி ஒரு கடிதம் அனுப்பப்பட்டதற்கு அனுப்பியவரின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பினார்கள். இது முடியாத காரியம் என்று இயக்குநருக்கு ஒரு நிம்மதி. டிரைவர் விடுப்புப் போட்டு, மூன்று பஸ் மாறி, ஓய்வு பெற்ற அதிகாரியைத் தேடிப்போய், அவர் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கையெழுத்து வாங்கி வந்தார். காகிதத்தில் ஈரக் கைவிரல் பதிந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் ஜன்னலில் அந்த முகம் தெரியும்போது தபால் சார் பதிவேட்டுக்குள் தலையைக் குனிந்துகொள்வார். டிரைவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவரோ மலர்ந்த முகத்தோடு வந்தார். "உங்களுக்குத்தான் சார் சிரமம். எத்தனை டேப்பைப் புரட்டணுமோ," என்றார். இருபத்தேழாம் தேதி அவர் ஜன்னல் திட்டில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் அந்தப் பழங்களை மேஜையில் வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரிடம் அவர் மனைவி வந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாகச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிறவரிடம் இன்னும் எத்தனை நாள் கேட்காமல் இருப்பாள்? தபால் சார் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் டேப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ஆர்டர் என்னைக்கு வந்துச்சாம்?" என்றாள்.

படிவத்தில் தேதி இருந்தது. நாலு தடவை அந்தப் படிவத்தை வாங்கிச் சரிபார்த்திருக்கிறார்; பயத்தில் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தாரே ஒழிய, கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது சொன்னார். சர்வர் வந்த மூன்றாவது மாதம்.

"ஏங்க, அப்பதானே நீங்க எல்லாத்தையும் அச்செடுத்து மெமோ வாங்கினீங்க? அந்தக் காகிதத்தை எல்லாம் என்ன பண்ணீங்க?"

அழிக்கச் சொல்லி உத்தரவு. ஆனால் தபால் சார் தன் பணிக்காலத்தில் ஒரு கடிதத்தைக்கூடக் கிழித்ததில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மர அலமாரியில் அடுக்கி, வெளியே 'பழுதான குழல்விளக்குகள்' என்று எழுதி ஒட்டி, அப்புறம் தானே மறந்துவிட்டார்.

"நான் கட்டிக்கிட்ட ஆளு இவ்வளவு பெரிய திருட்டுத்தனம் பண்ணுவாருன்னு நினைக்கவே இல்ல," என்றாள் மனைவி. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தார். மூன்றாவது கட்டு, எழுபத்திரண்டாவது காகிதம். இரண்டு துளை, இடது மூலையில் துருப்பிடித்த ஊசியின் கறை, நடுவில் டிரைவரின் பெயர். அதை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினார். ஐம்பத்தாறு வயதில் ஓடினார்.

இயக்குநர் காகிதத்தைத் தொடவில்லை. காகித நகல் தடை செய்யப்பட்ட பொருள் என்றார். அதை வைத்திருந்தது தனிக் குற்றம் என்றார். பிறகு இயக்குநர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே டிரைவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதை ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புங்க," என்றார். "டேப்ல இருந்து வந்ததுன்னு நான் உங்களைச் சொல்லச் சொல்லலை. வேற எங்க இருந்து வந்ததுன்னு நீங்க சொல்ல வேண்டாம்."

அப்படியே நடந்தது. முப்பதாம் தேதி மதியம் டிரைவரின் வேலை நிரந்தரம் என்று பதிவானது. அன்று மாலை டிரைவர் சர்வர் அறைக்குள் வந்து, தபால் சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். தபால் சாருக்கும் கண் நிறைந்துவிட்டது. டிரைவர் போகும்போது ஒன்று மட்டும் கேட்டார். "மெயில்ல எதுக்கு சார் ரெண்டு ஓட்டை தெரியுது?"

அதற்கான பதிலை அடுத்த வாரம் பாராட்டு விழாவில் இயக்குநரே சொன்னார். ஆம், விழா வைத்தார்கள். டிரைவரின் ஆணை திரையில் காட்டப்பட்டது. "இந்த ஓட்டைகளைப் பாருங்கள், இந்தக் கறையைப் பாருங்கள்," என்றார் இயக்குநர் மைக்கில். "ஆறு வருடம் இரும்புப் பெட்டிக்குள் இருந்ததன் அடையாளம் இது. ஒரு கடிதத்தைக் காப்பாற்ற நாம் பட்ட பாட்டின் தழும்பு. நம் டேப்புகளை நான் நேரில் ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறேன், திருப்தி அடைந்திருக்கிறேன். இனி யாரும் தயங்க வேண்டாம். எந்த வருடத்துக் கடிதமாக இருந்தாலும் கேளுங்கள், வரும்." அறுநூற்று நாற்பது பேர் கை தட்டினார்கள். விழாப் படங்களை அறுநூற்று நாற்பது பேருக்கும் மெயிலில் அனுப்பினார்கள். தாழ்வாரப் பலகையில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தபால் சாரின் கழுத்தில் மாலை போட்டார்கள். மாலைக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு படிவம் பதினேழு. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் டிரைவர். "தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும், எனக்குக் கிடைச்சுது பாருங்க," என்று ஒவ்வொருவருக்கும் நம்பிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். தபால் சார் தேதிகளைப் புரட்டினார். போன வருடம். மூன்று வருடம் முன்பு. போன மாதம். அலமாரியில் இருக்கும் அந்த முதல் நாலு மாதத்தைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

படிவக் கட்டின் மேலே, வரிசையில் நிற்காமல் உள்வழியாக வந்த படிவம் ஒன்று தனியாக இருந்தது. பச்சை மையில் நிரப்பியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றை, அவசரம் என்று அடிக்கோடிட்டு, இயக்குநர் கேட்டிருந்தார்.

தபால் சார் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியிறங்கி ஓடினார். கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"சார், அந்த டேப்ல எல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

இயக்குநர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பொய் இல்லை.

"தெரியும்," என்றார் இயக்குநர். "ஆனா டிரைவருக்கு வந்துச்சே."